ஆயிரம் வாட் வேண்டாம், இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும்

வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முகப்பில் '1000 வாட்ஸ்' என்று பெரிதாக இருக்கும். பின்பக்கத்திலோ, கூடவே கொடுக்கிற அடாப்டரிலோ பொடி எழுத்தில் 15 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 30. உள்ளே போகிற மின்சாரமே 30 வாட் என்றால் வெளியே 1000 வாட் எங்கிருந்து வரும்? நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆற்றல் மாறா விதி வரும்போது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டு ஸ்பீக்கரின் அடாப்டரைப் படித்து எழுதி வரச் சொல்வேன். மறுநாள் வகுப்பில் எழுகிற கோபம் எனக்குப் பிடிக்கும். "அப்பா ஏமாந்துட்டாரு மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னாள். அப்பா ஏமாறவில்லை, அப்பாவை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று திருத்தினேன்.

அந்த ஆயிரத்துக்குப் பெயர் பிஎம்பிஓ. ஒரு கண்ணிமைப்பில், பெட்டி கதறிச் சிதைகிற நிலையில், ஏட்டளவில் எவ்வளவு எட்டலாம் என்று கம்பெனி தன் வசதிக்குப் போட்டுக்கொள்கிற கணக்கு அது. எப்படி அளப்பது என்பதற்கு அதில் பொது விதி கிடையாது. மதிப்புள்ள எண் ஆர்எம்எஸ் என்று குறிப்பிடப்படுவது: தொடர்ந்து, சிதையாமல் கொடுக்கக்கூடிய திறன். அதையும் எத்தனை ஓம்ஸ் ஸ்பீக்கரில், எவ்வளவு சிதைவோடு அளந்தார்கள் என்று சொன்னால்தான் பொருள் உண்டு. அமெரிக்காவில் இந்தக் குழப்பம் முற்றியபோது, 1974-லேயே அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. 2024-ல் அதை இன்னும் இறுக்கித் திருத்தினார்கள். நம் கடைகளில் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும், அதே அளவு எழுத்தில், ஆர்எம்எஸ் வாட் அச்சிடப்பட வேண்டும். பிஎம்பிஓ என்ற எண்ணை அச்சிடவே கூடாது. இது என் முதல் கோரிக்கை.

இதில் நட்டப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் கோபத்தின் காரணம் விளங்கும். லட்சக்கணக்கில் செலவழிப்பவருக்கு ஆலோசனை சொல்ல ஆளிருக்கிறது. தீபாவளி போனஸில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் எடுத்துவைத்து, வீட்டில் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று கடைக்குப் போகிறவருக்குத்தான் கலர் விளக்கு மினுங்குகிற பார்ட்டி ஸ்பீக்கரைத் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பணத்துக்கு உண்மையான ஸ்டீரியோ அமைக்க முடியும். கண்ணை மூடினால் பாடகர் எதிரே நிற்கிற மாதிரி கேட்கும் ஸ்டீரியோ. வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் தெரிந்தவர்களுக்கு அமைத்துக் கொடுத்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

ஸ்டீரியோ என்றால் அதிகச் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இடத்தைப் பற்றிய விஷயம். ஒலி நம் ஒரு காதைவிட மற்றொரு காதுக்கு மில்லிசெகண்டில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் வரை முந்தி வரும். அந்த வித்தியாசத்தை வைத்தே சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. இதைப் பயன்படுத்தி, இரண்டே ஸ்பீக்கரில் ஒரு மேடையைக் காதுக்குக் காட்டலாம் என்று கண்டு 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ராடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து 1942-ல் அவர் இறந்தபோது முப்பத்தெட்டு வயதுதான். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ பதிவின் தொடக்கம் என்று பலரும் குறிப்பிடுவது 1978-ல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்களை. அதற்குப் பின் வந்த பாடல்களில் வயலின் கூட்டம் ஒருபுறம், கிதார் மறுபுறம், குரல் நடுவில் என்று இடம் பார்த்துப் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வருடமாக அந்த உழைப்பு நம் பாடல்களுக்குள் இருக்கிறது. ஒரு சாண் அகலப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரை ஒட்டவைத்து 'ஸ்டீரியோ' என்று எழுதி விற்றால் அந்த மேடை காதில் விழாது. எட்டடி தள்ளி உட்காருகிறவருக்கு அது ஒற்றைப் புள்ளிதான்.

சரி, எத்தனை வாட் வேண்டும்? வீட்டில் புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள ஒரு சாதாரண ஸ்பீக்கரின் விவரத்தாளில் 86, 87 டெசிபெல் என்று இருக்கும். ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வருகிற சத்தம் அது. நாம் பேசிக்கொள்வது 60 டெசிபெல் அளவில்தான். ஆக, ஒரு வாட்டிலேயே ஹாலில் பேச்சுக் கேட்காத அளவுக்குப் பாட்டு ஒலிக்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். தவிலில் விழுகிற ஒரு ஓங்கிய அடிக்கும் சேர்த்து, சிதையாத 20 வாட் ஒரு ஸ்பீக்கருக்கு இருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு அது தாராளம்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இதைத்தான் கேட்டு வந்தார். "டீச்சர், பதினைஞ்சாயிரம் வெச்சிருக்கேன். எம்எஸ்வி பாட்டும் ராஜா பாட்டும் நல்லா கேக்கணும். லைட்டெல்லாம் வேணாம்." பதினைந்தாயிரத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகும் என்றேன். அவருக்கு அது வியப்பாக இருந்தது. ஆம்ப்தானே முக்கியம் என்றார். நம் ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. எண்பது, தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் அசெம்பிள் செட் போட்டுக் கொடுத்தார்கள். 4440 ஐசி போட்ட போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், தகரப் பெட்டி. பெருமையெல்லாம் ஆம்புக்குத்தான். ஸ்பீக்கர், கிடைத்ததை மாட்டிக்கொள்வது. இன்று ஆம்ப்ளிஃபயர் மலிந்துவிட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிபிஏ3116 போர்டு, அந்நாளில் ஆயிரக்கணக்கில் விற்ற செட்டுகளைவிடச் சுத்தமாக ஒலிக்கிறது. ஸ்பீக்கர் அப்படி மலியவில்லை. காகிதக் கூம்பும் காந்தமும் மரப்பெட்டியும் இன்றும் பொருளாகவும் கைவேலையாகவும் செலவு பிடிப்பவை. காசு எங்கே பேசுமோ அங்கே போட வேண்டும்.

அந்த மெக்கானிக்குகள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்பானை ஸ்பீக்கர் நினைவிருக்கிறதா? பானையின் வாயில் எட்டங்குல ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துத் திண்ணையிலும் டீக்கடையிலும் பாட்டுப் போடுவார்கள். அதில் அருமையான இயற்பியல் இருக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றை அழுத்தும்போதே பின்னால் காற்றை இளக்குகிறது. வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பேஸ் காணாமல் போகும். பானை பின்னலையை உள்ளேயே அடைத்துவிடுகிறது. வளைந்த சுடுமண் சுவர் ஒட்டுப்பலகையைப் போலச் சேர்ந்து அதிர்வதுமில்லை. பெட்டியின் வேலை என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அண்ணனும் நானும் ஒரு சனிக்கிழமை மதியம் ரிச்சி தெருவுக்குப் போனோம். அதற்கு முன்பே ஸ்பீக்கரைப் பழைய பொருள் விற்பனையில் தேடி, அண்ணா நகரில் ஒருவரிடம் பேசி வைத்திருந்தோம். வீடு மாறுகிறார், ஐந்தங்குல வூஃபரும் ஓரங்குலத் துணி ட்வீட்டரும் உள்ள ஒரு ஜோடி, எட்டாயிரம். ஐந்தங்குலமா என்று அண்ணன் தயங்கினார். பிபிசி வானொலி 1970-களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரிலும் ஐந்தங்குலக் கூம்புதான். ஒரு அடி உயரம்தான் மொத்தப் பெட்டியும். மனிதக் குரலை அவ்வளவு இயல்பாகக் கொடுத்ததால் இன்றுவரை அதைத் தேடி வாங்குகிறார்கள். கூம்பு பெரிதாக இருந்தால் பாட்டு நன்றாக இருக்கும் என்பது கடைக்காரர் பேச்சு.

பழைய ஸ்பீக்கர் வாங்கப் பயப்பட வேண்டாம், பார்த்து வாங்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை முதலில் பார்க்க வேண்டும். அது ரப்பரானால் நீண்ட காலம் உழைக்கும். ஃபோம் விளிம்பானால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்து உதிரும். விரலால் மெதுவாகத் தொட்டாலே தெரிந்துவிடும். அப்படி உதிர்ந்திருந்தாலும் விலையைக் குறைத்து வாங்கி, புது விளிம்பு ஒட்டிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் ரீகோனிங் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் கூம்பின் இருபுறமும் வைத்துச் சமமாக அழுத்தி விட வேண்டும். உள்ளே 'சர்' என்று உரசல் கேட்டால் காயில் கெட்டிருக்கிறது, வேண்டாம் என்று வந்துவிடலாம். மல்ட்டிமீட்டர் கொண்டு போனால் இன்னும் நல்லது: 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் 6-ஐ ஒட்டிக் காட்டும், இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அண்ணா நகர்க்காரரின் பெட்டிகள் இரண்டும் தேறின.

ரிச்சி தெருவில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆம்ப் போர்டு, 24 வோல்ட் பவர் சப்ளை, அலுமினியப் பெட்டி, வால்யூம் குமிழ், சாக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆயிற்று. போர்டை மாட்டுவதற்குப் பழக்கமில்லாதவர்கள் வேறொரு வழியில் போகலாம். பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர்கள், எச்டிஎம்ஐ இல்லை என்ற ஒரே குறைக்காக, மிகக் குறைந்த விலையில் கைமாறுகின்றன. நல்ல ஜப்பானியக் கம்பெனி ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் பகுதிக்கு வயது ஒரு குறையல்ல. அதில் முன்புற இரண்டு ஸ்பீக்கர் இணைப்பை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, மற்றதை மறந்துவிடலாம்.

ஒயர் வாங்கும்போதுதான் ஒரு சின்ன வாக்குவாதம். கடையில் தங்கமுலாம் பூசிய முனையோடு தடித்த ஸ்பீக்கர் கேபிள் ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் சவுண்டே மாறும் என்றார்கள். அண்ணனின் கை பர்ஸுக்குப் போனது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பி வந்தால் அதன் மின்தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. காதுக்குத் தெரிய வழியில்லை. நானூற்றைம்பது ரூபாயில் செம்பு ஒயர் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃபிளாய்ட் டூல் என்ற அறிவியலாளர் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்தவர். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னால், எல்லாச் சுருதிகளையும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டினார். பின்னாளில் அவரும் ஷான் ஆலிவும் சேர்ந்து 1994-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களை, அதே ஆட்கள், கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண் மாறியது. பெட்டியின் அளவும் அழகும் பெயரும் காதின் தீர்ப்பை மாற்றிவிட்டன. விலையை ஏற்றச் சொல்கிற ஒவ்வொரு ஆலோசனைக்கும் என் பதில் இந்தச் சோதனைதான். காதுக்கு வகுப்பு வேறுபாடு கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவர் காதும் ஆடிட்டர் காதும் நல்ல ஒலியை ஒன்றுபோல அறியும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தது. அண்ணன் மேலே ஸ்லாபைக் காட்டினார். "அங்க வெச்சா இடம் அடைக்காது டீச்சர்." நம் வீடுகளில் ஸ்பீக்கர் கூரையோரம் மூலைக்கு மூலை தொங்கும், இல்லாவிட்டால் ஷோகேஸுக்குள் கோப்பைகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவே ஒடுங்கியிருக்கும். நல்ல ஸ்பீக்கரைக் கெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. மூலையில் சுவர்கள் சேர்ந்து பேஸை ஊதிப் பெரிதாக்கும், வார்த்தை குழம்பும். ட்வீட்டர் நம் காதுமட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்காருகிறவருக்கு அது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி. பாயில் உட்கார்ந்து கேட்கிற குடும்பத்துக்கு இரண்டரை அடி. அண்ணன் வீட்டில் எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள், அந்த அளவுக்கே ஸ்டாண்டு செய்தோம். தெருமுனை வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் ஒரு ஜோடி, ஆயிரத்து எண்ணூறு. குழாய்க்குள் ஆற்று மணல் நிரப்பினால் அதிர்வு அடங்கிவிடும். வாடகை வீட்டில் சுவரில் ஆணியடிக்க வேண்டியதும் இல்லை.

ஒயரை மாட்டும் முன் பேட்டரி சோதனை. ஸ்பீக்கர் முனைகளில் ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். கூம்பு முன்னால் துள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்வாங்கினால் மாறியிருக்கிறது என்று பொருள். அண்ணனின் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். டார்ச் செல்லை அவள் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு மெல்லிய 'டப்'. கூம்பு ஒரு நூல் முன்னால் வந்து போனது. மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் வற்றிப்போகும், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். அவளுக்குக் காட்டுவதற்காகவே வேண்டுமென்று ஒருமுறை மாற்றி மாட்டிப் பாட்டைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போனது. சரியாக மாற்றி மாட்டியதும் திரும்பி வந்தது. "ஒரு ஒயர் மாத்துனதுக்கா இவ்வளவு?" என்றாள். பல வீடுகளில் வருடக்கணக்கில் அந்த ஒயர் மாறியே கிடக்கிறது. இன்றே போய்ப் பாருங்கள், செலவு எதுவும் இல்லை.

பிறகு அறை. அண்ணன் வீட்டு ஹால் பன்னிரண்டடிக்குப் பத்தடி. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர். கைதட்டினால் 'ட்ரிங்' என்று ஒரு எதிரொலி ஒட்டிக்கொண்டு வரும். நம் வீடுகளின் பெரிய குறை இதுதான். எந்த விலை ஸ்பீக்கரையும் இது கெடுக்கும். ஸ்பீக்கருக்கும் பாய்க்கும் நடுவில் தரையில் கனமான பவானி ஜமுக்காளம் விரித்தோம். எதிர்ச்சுவரில் துணிமணி அலமாரியின் கதவைத் திறந்துவைத்தோம். தொங்குகிற புடவைகள் ஒலியை வாங்கிக்கொள்ளும். மறுபடி கைதட்டினோம். 'ட்ரிங்' பாதிக்குமேல் அடங்கியிருந்தது.

பேஸுக்கு வேறு கணக்கு. பன்னிரண்டடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸும் பத்தடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸும் ஒத்ததிர்வில் சிக்கிப் பெருகும். நீளமும் அகலமும் சமமான அறையில் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து 'பூம்' என்று முழங்கும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் அந்த முழக்கம் உச்சத்தில் கேட்கும். இரண்டடி முன்னால் நகர்ந்தால் தணியும். ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் ஆறடி, இரண்டிலிருந்தும் கேட்பவருக்கு ஆறடி, சமபக்க முக்கோணம். ஒலி பரிசோதனைக்கு எம்எஸ்வி பாட்டைத்தான் முதலில் போட்டேன். அறுபதுகளின் பதிவுகள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். ஸ்பீக்கர் சரியாக அமைந்திருந்தால் குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், வெறும் சுவரிலிருந்து வருவதுபோல நிற்க வேண்டும். வலது ஸ்பீக்கரை இரண்டு விரற்கடை உள்பக்கம் திருப்பியதும் நின்றது. அண்ணன் எழுந்துபோய் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமே இல்லையே டீச்சர், டிஎம்எஸ் எங்கேருந்து பாடுறாரு?" என்றார். ஸ்டீரியோ என்றால் என்ன என்பதற்கு அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்'. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்க, மற்ற வயலின்கள் பின்னால் பரந்து விரிந்தன. தரையில் உட்கார்ந்திருந்த நால்வரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பாட்டு எதிலிருந்து வருகிறது என்பதிலும் பணம் மிச்சம் பிடிக்கலாம். பரணில் கிடக்கும் பழைய டிவிடி பிளேயர் இன்னும் ஓடினால் அது நல்ல சிடி பிளேயர். பின்னாலுள்ள சிவப்பு, வெள்ளை சாக்கெட்டிலிருந்து நேராக ஆம்புக்குப் போகலாம். பழைய சிடிக்கள் நடைபாதைகளில் மிகச் சொற்ப விலைக்குக் கிடக்கின்றன. போனிலிருந்து கேட்பவர்கள், யாரோ கேசட்டிலிருந்து ஏற்றிவைத்த பதிவைத் தவிர்த்து, இசை நிறுவனமே வெளியிட்ட பதிவைத் தேடிப் போட வேண்டும். அண்ணன் போனுக்கு ஒரு டாங்கிளும் ஜோடிக் கம்பியும் வாங்கினோம். ஜமுக்காளத்தையும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் எல்லாம் அடங்கியது.

இயர்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். குறைந்த காசில் நல்ல ஒலிக்கு இயர்போனை மிஞ்ச எதுவும் இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் மேடை நம் தலைக்குள் அடைபட்டுவிடுகிறது, கேட்பவரும் தனியாகிவிடுகிறார். அண்ணன் வீட்டில் மகளும் அம்மாவும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், அந்தக் குரல் யாருடையது என்று சண்டை போடுகிறார்கள். அது வீட்டில் இருக்க வேண்டிய சண்டை என்று நினைக்கிறேன்.

அக்கம்பக்கத்தாரும் இதில் இருக்கிறார்கள். பார்ட்டி ஸ்பீக்கரின் ஊதிய பேஸ் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையின் மேசையை அதிரவைக்கிறது. ஆறடியில் உட்கார்ந்து கேட்கும் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தம் தேவையே இல்லை. மெதுவாக வைத்தாலும் தம்பூராவின் கார்வை வரைக்கும் கேட்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பரணைப் பாருங்கள். அப்பா காலத்து மரப்பெட்டி ஸ்பீக்கர் அங்கே இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். விளிம்பு ஒட்டினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இல்லையென்றால் கடைக்குப் போகும்போது, வார்த்தை வார்த்தையாக உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். விளக்கை அணைத்து, பேஸ் பூஸ்ட்டை நிறுத்தி, வீட்டில் வைக்கிற சத்தத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு செய்தி வாசிப்பையும் கேளுங்கள். பேசுகிறவர் மூக்கடைத்தோ பீப்பாய்க்குள்ளிருந்தோ பேசுவதுபோல் பட்டால் அந்தப் பெட்டி எந்தப் பாட்டையும் நேராகப் பாடாது. ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லாத, போட்டுக் காட்ட மறுக்கிற கடையில் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.